இருவாட்சிக்குக் கிடைத்த சம்பள விடுப்பு

ஒரு காட்டில் ஒரு ஆபீஸ் இருந்தது.

காடு என்றால் சிங்கம் ராஜாவாக இருக்கும், நரி மந்திரியாக இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் பழைய காடு. இந்தக் காட்டில் சிங்கம் ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது. நரி சொந்தமாகக் கன்சல்டன்சி வைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஆபீஸ்தான். அதற்கு விதைப்புத் துறை என்று பெயர்.

பழம் தின்கிற பறவைகளும் விலங்குகளும் போகிற வழியெல்லாம் விதையைப் போட்டுக்கொண்டே போகின்றன அல்லவா? காலங்காலமாகச் சும்மா நடந்துகொண்டிருந்த அந்தக் காரியத்துக்கு நேரம், இடம், மேலதிகாரி எல்லாம் வைத்து ஒழுங்குபடுத்தியது அந்தத் துறை. காலை பத்து மணிக்கு வாசலில் இருக்கிற இயந்திரத்தில் கால்விரலை வைத்து அழுத்த வேண்டும். ஐந்து மணிக்கு மறுபடி அழுத்த வேண்டும். நடுவில், சொன்ன விதையைச் சொன்ன இடத்தில் போட வேண்டும். யானை கால் வைத்தால் மட்டும் அந்த இயந்திரம், “அடையாளம் தெரியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்” என்று சொல்லும். காட்டிலேயே பெரிய உருவத்தை அடையாளம் தெரியாத இயந்திரத்தை வாங்கியவர் யார் என்று அந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

சம்பளம் அத்திப்பழம். காட்டில் இருந்த அத்திமரம் அத்தனையையும் துறையின் பெயருக்கு மாற்றி வேலி போட்டுவிட்டார்கள். அதனால் வேலைக்கு வந்தால் பழம், வராவிட்டால் பட்டினி என்பது எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்திருந்தது.

அந்த ஆபீஸில் சிங்காரவேலு என்று ஒரு இருவாட்சி வேலை பார்த்தது. பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி வைத்தது மாதிரி இன்னொரு மேடு. ஒன்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அதன் மனைவி மரகதம். இருவருக்கும் வெகுநாள் கழித்து ஒரு முட்டை வரப்போகிற நேரம் அது.

இருவாட்சிக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான மரத்தில் ஒரு பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாம்பும் மரநாயும் வராமல் இருக்க, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளேயிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு வைக்கும். உள்ளே இருக்கும்போது இறக்கையின் பெரிய இறகுகள் உதிர்ந்துவிடும். அப்புறம் மூன்று நான்கு மாதம் அதனால் பறக்க முடியாது, வெளியே வர முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் போய்விடும். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, இருவாட்சிகள் இப்படித்தான் வாழ்கின்றன.

மரகதம் பொந்து பார்த்து, மண்ணும் சேர்த்து வைத்துவிட்டது. ஆனால் உள்ளே போகவில்லை.

“முதல்ல லீவு ஆர்டர் வாங்கிட்டு வாங்க. அதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் நான் உள்ள போவேன்,” என்றது. “அடைச்சுக்கிட்ட பிறகு நீங்க ஆபீஸுக்குப் போகணும்னு கிளம்பினா நான் என்ன செய்ய?”

“ஒன்பது வருஷம் உழைச்சிருக்கேன். இதுகூடக் கொடுக்க மாட்டாங்களா?” என்று சொல்லிவிட்டு சிங்காரவேலு ஆபீஸுக்குப் பறந்தது. ஒன்பது வருஷம் வேலை பார்த்தும் அந்த ஆபீஸைப் பற்றி அதற்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஆபீஸின் கண்காணிப்பாளர் கோமதிநாயகம் என்கிற முள்ளம்பன்றி. (அதிகாரிகளை ‘அது’ என்று எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பதால், அவர்களை மட்டும் ‘அவர்’ என்றே எழுதிவிடுகிறேன்.) அவருடைய மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவருடைய முள்ளுக்குப் பயந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

“எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“நாலு மாசம் சார்.”

“தாராளமா எடுத்துக்கோங்க.”

சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல அலகைத் திறப்பதற்குள் அவர் வாக்கியத்தை முடித்தார்.

“சம்பளம் கிடையாது.”

“சார், சம்பளம்னா பழம். பழம் இல்லைன்னா நான் எதைக் கொண்டுபோய் ஊட்டுறது? பழம் வேணும்னா வேலைக்கு வரணும். வேலைக்கு வந்தா யாரு ஊட்டுறது?”

“அதை முடிவு பண்ற சுதந்திரத்தை உங்களுக்கே விட்டிருக்கோம். பக்கத்துக் காட்டுல எல்லாம் இந்தச் சுதந்திரம் கிடையாது தெரியுமா?”

சிங்காரவேலு அங்கேயே நின்றது. நகராமல் நிற்கிற ஊழியரைப் பார்த்தால் கோமதிநாயகத்துக்கு முள் சிலிர்க்கும். சிலிர்த்த பிறகு நாற்காலியிலிருந்து எழுவது அவருக்கே கஷ்டம். அதனால் சீக்கிரமாக ஒரு வழி சொன்னார்.

“சம்பளத்தோட குடும்ப விடுப்பு கேக்கறதுக்குப் படிவம் ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.”

“ஏன் சார்?”

“கிடைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

படிவத்தை எடுத்துக் கொடுத்தது எழுத்தர் காந்திமதி. அது ஒரு காகம். அன்றைக்கு அதன் முகமே சரியில்லை. வீட்டில் குஞ்சுக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள இரண்டு நாள் லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அந்த விண்ணப்பம் கோமதிநாயகத்தின் குறிப்போடு திரும்பி வந்திருந்தது: ‘காய்ச்சல் விண்ணப்பதாரருக்கா, பிள்ளைக்கா? பிள்ளைக்கு எனில் பிள்ளை விண்ணப்பிக்கலாம்.’

“நீங்களும் எழுதிக் குடுங்க அண்ணே,” என்றது காந்திமதி. “என் பேப்பர் தனியாத் திரும்பி வருது. உங்க பேப்பரும் கூட வந்தா அதுக்கு ஒரு துணை.”

சிங்காரவேலு படிவத்தை நிரப்பிக் கொடுத்தது. ஒரு வாரம் போயிற்று. படிவம் மேசையில்தான் இருந்தது, அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் மட்டும் தினமும் ஒன்று கூடிக்கொண்டே வந்தது. ஆனால் முட்டை ஆபீஸ் கோப்பு மாதிரிக் காத்திருக்காது. ஒரு மதியம் சிங்காரவேலு மரத்துக்குத் திரும்பியபோது மரகதம் பொந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. வலியில் அதன் இறக்கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆர்டர் வந்துச்சா?”

சிங்காரவேலு மனைவியின் முகத்தைப் பார்த்தது. வரவில்லை என்று சொன்னால் மரகதம் வெளியிலேயே இருக்கும், முட்டை வெட்டவெளியில் வரும், மரநாய்க்கு அன்றைக்கு விருந்து.

“வந்துருச்சு,” என்றது.

“எத்தனை நாள்?”

“நாலு மாசம். முழுச் சம்பளம்.”

“எங்க, காட்டுங்க.”

“ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க. காப்பி அப்புறம் தருவாங்க.”

ஒன்பது வருஷமாகப் பொய் சொல்லியிராத புருஷன் என்பதால் மரகதம் நம்பியது. உள்ளே போய் மண்ணைக் குழைத்துப் பூச ஆரம்பித்தது. வாசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, கடைசியில் மரகதத்தின் ஒரு கண்ணும் அலகு நுனியும் மட்டும் தெரிந்தன. இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சிங்காரவேலு நினைத்தது. சொல்லவில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பொய் சொன்னால் அதைக் கடைசிவரை காப்பாற்றுவதற்குத்தான் அதிகமாக உழைப்பார்கள்.

சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பு பதினெட்டு நாள் இருந்தது. அதற்குச் சம்பளம் உண்டு. மறுநாளிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, கிடைத்த பழத்தையெல்லாம் கொண்டுபோய் ஊட்டியது. பதினெட்டு நாளுக்குள் ஆர்டர் வந்தாக வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது யோசிக்காமல் இருக்கப் பார்த்தது.

ஐந்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. ‘தாயார் நேரில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

“அது பொந்துக்குள்ள இருக்கு சார். வாசலை அடைச்சாச்சு,” என்றது சிங்காரவேலு.

“யாரு அடைச்சது?”

“அதுவேதான் சார்.”

“தானே அடைச்சுக்கிட்டு, தானே வர முடியலைன்னு சொன்னா எப்படி? ஒரு நாளைக்குத் திறந்துட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி அடைச்சுக்கச் சொல்லுங்க.”

“இறகு உதிர்ந்திருக்கும் சார். பறக்க முடியாது.”

“நடந்து வரலாமே,” என்றார் கோமதிநாயகம். அவர் வாழ்க்கையில் பறந்ததில்லை, அதனால் நடப்பதை அவ்வளவு பெரிய கஷ்டமாக நினைக்கவில்லை.

காந்திமதி நடுவில் புகுந்து, இப்படிப்பட்ட விசேஷ விவகாரங்களை உயர்மட்டக் குழுவுக்கு அனுப்பலாம் என்று விதி இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தியது. தன் தலையில் முடிவெடுக்கும் பாரம் விழாது என்றதும் கோமதிநாயகம் உடனே சம்மதித்தார்.

குழுவின் தலைவர் டாக்டர் இன்பவல்லி அம்மையார். அவர் ஒரு குயில். குடும்பம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றில் நிபுணர் என்று பெயர் எடுத்தவர். இன்னொரு உறுப்பினர் ஆற்றங்கரை ஆமை அப்பாசாமி. நிறையப் பிள்ளை பெற்ற அனுபவஸ்தர் என்பதால் அவரைப் போட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் காலை குழு கூடியது. சிங்காரவேலு ஒரு கிளையில் ஓரமாக உட்கார்ந்திருந்தது. காந்திமதி குறிப்பெடுத்தது. அதன் இறக்கைக்கு அடியில் ஒரு குஞ்சு சுருண்டு படுத்திருந்தது. காய்ச்சல் அடங்காத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாமல் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது காந்திமதி.

“நான் பதினோரு பிள்ளை பெற்றவள்,” என்று ஆரம்பித்தார் இன்பவல்லி அம்மையார். “ஒரு பிள்ளைக்காகவாவது ஒரு நாள் லீவு எடுத்திருப்பேனா? காலையில் முட்டை, பத்து மணிக்கு ஆபீஸ். திட்டமிட்டு வாழ்ந்தால் எல்லாம் முடியும். இந்தக் காலத்துப் பெற்றோருக்குத் திட்டமிடத் தெரியவில்லை.”

ஆபீஸே கைதட்டியது. அம்மையார் காலையில் எந்தக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு வந்தார் என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

அப்பாசாமி மெதுவாகக் கழுத்தை நீட்டினார். “என் வீட்ல ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது முட்டை. மணல்ல புதைச்சு மூடிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துருவோம். அதுக பாட்டுக்கு வளர்ந்துச்சு.”

“இப்ப பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா அய்யா?” என்று சிங்காரவேலு மரியாதைக்குக் கேட்டது.

“நல்லா இருக்கறதாத்தான் கேள்வி,” என்றார் அப்பாசாமி. “யாரையும் நேர்ல பார்த்ததில்லை.”

தீர்மானம் எழுதப்போகிற நேரம். குடும்ப விடுப்புக்குச் சம்பளம் தர அவசியமில்லை என்று அம்மையார் சொல்லச் சொல்ல, காந்திமதி தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் பழம் இருக்கிறது, அதற்குப் பிறகு கீற்றுக்கு வெளியே நின்று மரகதத்திடம் என்ன சொல்வது என்று மட்டும் சிங்காரவேலுவின் மனம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது காந்திமதியின் இறக்கைக்குள் இருந்த குஞ்சு காய்ச்சல் மயக்கத்தில் வாயைத் திறந்தது.

“குக்கூ,” என்றது.

அப்பாசாமி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முப்பது வருஷம் அவரைப் பதவியில் வைத்திருந்த திறமை அது.

“காய்ச்சல்ல இப்படித்தான் ஏதோ உளறுது மேடம்,” என்று காந்திமதி அவசரமாகச் சொன்னது. “மத்த நேரம் நல்லா ‘கா’ன்னுதான் கத்தும். நானே சொல்லிக்குடுத்தேன்.”

அம்மையார் எழுந்து வந்து குஞ்சைக் குனிந்து பார்த்தார். குஞ்சு கண்ணைத் திறந்தது. அதன் கண்ணில் அவர் தன் கண்ணைப் பார்த்தார். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அவரைக் கேலி செய்யமாட்டேன். பதினோரு பிள்ளை பெற்றவர் முதல் முறையாக ஒன்றைப் பார்க்கிறார்.

“எத்தனை நாளா காய்ச்சல்?” என்று கேட்டார்.

“மூணு வாரத்துக்கு மேல ஆச்சு மேடம்.”

“லீவு போட்டு வீட்டில் பார்த்துக்கொள்வதுதானே?”

“கேட்டேன் மேடம். சம்பளம் பிடிப்பாங்களாம். பழம் இல்லாம இதுக்கு என்ன குடுக்க?”

அம்மையார் திரும்பிப் போய் உட்கார்ந்தார். இந்தக் காகத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தாக வேண்டும். ஆனால் ஏன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. சற்று முன் பேசிய பேச்சும் வாபஸ் வாங்கியது மாதிரி ஆகிவிடக் கூடாது. நிபுணர் என்று பெயர் எடுத்தவர் என்பதால் அரை நிமிஷத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்.

“எழுதிக்கொள்,” என்றார். “தன் பிள்ளையை வளர்ப்பது கடமை. கடமைக்குச் சம்பளம் கேட்பது தாய்மைக்கே இழுக்கு. ஆனால் அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பது சேவை. சேவை செய்கிறவர்களுக்கு முழுச் சம்பளத்துடன் விடுப்பு வழங்கப்படும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் இது பொருந்தும்.”

காந்திமதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

“அப்போ எனக்குக் கிடைக்காதே மேடம். இது என் சொந்தப் பிள்ளை.”

“நன்றாக யோசித்துச் சொல்,” என்றார் அம்மையார்.

“யோசிக்க என்ன மேடம் இருக்கு? என் பிள்ளைதான்.”

“இன்னும் கொஞ்சம் யோசி,” என்று சொல்லிவிட்டு அம்மையார் கூட்டத்தை முடித்தார். சேவை விடுப்பு கோருபவர்கள் இரண்டு நாளுக்குள், பிள்ளை தன்னுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்து, பிள்ளை யாருடையது என்றும் குறிப்பிட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது.

வாசலில் சிங்காரவேலு காந்திமதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அலகை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா அண்ணே?” என்றது காந்திமதி. “முட்டை மேல உக்காந்தது நான். அந்த ஒண்ணு மட்டும் சின்னதா இருந்துச்சு, நிறமும் வேற. தெரியாமலா இருக்கும்?”

“அப்புறம் ஏம்மா வளர்த்தே?”

“பசிக்குதுன்னு வாயைத் திறந்துச்சு. நீ யாரு பிள்ளைன்னு விசாரிச்சுட்டா ஊட்ட முடியும்?” காந்திமதி குஞ்சை இறக்கையால் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது. “என் பிள்ளை இல்லைன்னு எழுதணும்னா நெஞ்சு வலிக்குது. ஆனா எழுதிக் குடுத்துட்டு வீட்ல வச்சுப் பார்த்துக்குவேன். இது பொழைச்சாப் போதும்.”

காந்திமதி அங்கேயே படிவத்தை நிரப்ப ஆரம்பித்தது, சிங்காரவேலு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பெற்றவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் காந்திமதி ‘விசாரணையில் உள்ளது’ என்று எழுதியது. ஆபீஸில் இவ்வளவு வருஷம் குப்பை கொட்டியது வீண்போகவில்லை. எழுதி முடித்துவிட்டு அது சிங்காரவேலுவின் பக்கம் திரும்பியது.

“உங்க பொந்துக்குள்ள இருக்கறது யாரு குஞ்சுன்னு வெளிய யாருக்குத் தெரியும்? என் பேரைப் போட்டுக்கோங்க. காக்கா முட்டை, தவறிப்போய் உங்க பொந்துல விழுந்துருச்சு, நீங்க பெரிய மனசு பண்ணி வளர்க்கறீங்க.”

“கோமதிநாயகம் நம்புவாரா?”

“அவரு நம்ப வேண்டியதில்லை அண்ணே. எழுதியிருந்தாப் போதும்.”

ஒரே ஒரு சிக்கல். பொந்துக்குள் இருப்பவர் வாயால் சொல்ல வேண்டும், அதைக் கண்காணிப்பாளர் நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி. அதாவது மரகதத்துக்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பதினேழாம் நாள் காலை சிங்காரவேலு பழங்களோடு கீற்றுக்கு முன்னால் வந்து நின்றது. காந்திமதியும் கூட வந்தது. முதல் நாள்தான் முட்டை பொரிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், கதையில் குஞ்சுகள் கொஞ்சம் சீக்கிரம் பொரியும். உள்ளே ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

“ஆர்டர் வரலை மரகதம்,” என்றது சிங்காரவேலு. “அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.”

கீற்றுக்குப் பின்னால் இருந்த கண் அசையவில்லை. சிங்காரவேலு மிச்சத்தையும் சொல்லி முடித்தது. நாளையோடு பழம் தீர்ந்துவிடும் என்பதையும், ஒரு வார்த்தை சொன்னால் நாலு மாசத்துக்குப் பழம் உண்டு என்பதையும், அந்த வார்த்தை என்ன என்பதையும் சொன்னது.

“இறகெல்லாம் உதிர்ந்து, திரும்பக்கூட இடமில்லாத இருட்டுல உக்காந்திருக்கேன்,” என்றது மரகதம். “யாருக்காக உக்காந்திருக்கேன்? என் பிள்ளைக்காக. அது என் பிள்ளை இல்லைன்னு நான் வாயால சொல்லணுமா?”

காந்திமதி கீற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

“நான் நேத்து எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. எழுதிட்டு வீட்டுக்குப் போனேன். அது எப்பவும் போல வாயைத் திறந்துச்சு. நான் எழுதினது அதுக்குத் தெரியவே இல்லை.”

உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. கோமதிநாயகத்தை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் கடைசியில் மரகதம் சொன்னது. புருஷன் நீட்டிய பழத்தை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டியது, தான் சாப்பிடவில்லை.

மறுநாள் கோமதிநாயகம் பதிவேட்டோடு மரத்தடிக்கு வந்தார். அவரால் மரம் ஏற முடியாது. கீழே நின்றபடியே உரக்கக் கேட்டார்.

“பொந்துக்குள் இருக்கும் குஞ்சு யாருடைய பிள்ளை?”

“காந்திமதி பிள்ளை,” என்றது மரகதம்.

“கீழே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லவும்.”

மரகதம் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னது. சிங்காரவேலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கோமதிநாயகம் எழுதிக்கொண்டு, இவ்வளவு நல்ல மனசு உள்ள தம்பதியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் உண்மையிலேயே நெகிழ்ந்துபோயிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலையே ஆர்டர் வந்தது. நாலு மாசம், முழுச் சம்பளம். காப்பியும் கொடுத்தார்கள். பழம் வந்தது, குஞ்சு வளர்ந்தது, மரகதத்துக்கு இறகு முளைத்தது. காந்திமதி வீட்டுக் குஞ்சுக்கும் காய்ச்சல் இறங்கியது. இன்பவல்லி அம்மையார் வாராவாரம் சேவை விடுப்பை ஆய்வு செய்யக் கிளம்பினார். எப்போதும் முதலில் காந்திமதியின் கூட்டுக்குத்தான் வருவார். ஆய்வுக்கு வருகிறவர் எதற்குப் பை நிறையப் பழம் கொண்டுவருகிறார் என்று காந்திமதி கேட்கவில்லை. அவர் குஞ்சைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்போது, வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விடும்.

விஷயம் காட்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பருவத்தில் மைனா தன் குஞ்சுகளைக் கிளியின் பெயரில் பதிந்தது, கிளி மைனாவின் பெயரில் பதிந்தது. யானை பெற்ற குட்டி அணிலுக்குப் பிறந்ததாகப் பதிவானது. அணிலை ஒரு தடவையும் யானையை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, கோமதிநாயகம் முத்திரை குத்தினார். பதிவேட்டின்படி அந்தக் காட்டில் ஒரு பிள்ளைகூடத் தன் தாயிடம் வளரவில்லை. ஆண்டறிக்கையில் இன்பவல்லி அம்மையார் எழுதினார்: ‘நம் காட்டில் அனைவரும் அடுத்தவர் பிள்ளையையே அன்போடு வளர்க்கிறார்கள். இத்தகைய பரந்த மனம் வேறெந்தக் காட்டிலும் இல்லை. தன் பிள்ளைக்காகச் சம்பள விடுப்புக் கேட்டவர் ஒருவர்கூட இல்லாததால், அப்படி ஒரு தேவையே இல்லை என்பது நிரூபணமாகிறது.’

வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சரிபார்ப்புக்கு ஆபீஸுக்குக் கூட்டிவர வேண்டும். மரகதம் தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு போனது. அதுதான் குஞ்சு பறந்த முதல் நெடுந்தூரம். வாசலில் இருந்த இயந்திரம் திடீரென்று, “அடையாளம் தெரியவில்லை” என்று கத்தியது. குஞ்சு பயந்து மரகதத்தின் இறக்கைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. ‘அம்மா’ என்று கூப்பிட அலகைத் திறந்தது. எதிரே கோமதிநாயகம் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்திருந்தது குஞ்சுக்கு ஞாபகம் வந்தது.

“ஆன்ட்டி,” என்றது.

கோமதிநாயகம் திருப்தியோடு ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினார். மரகதம் அவரைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னது. குஞ்சு கெட்டிக்காரி என்று ஆபீஸே மெச்சியது. திரும்பி வரும் வழியில் குஞ்சு பக்கத்தில் பறந்துகொண்டே மெதுவாகக் கேட்டது.

“இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?”

மரகதம் திரும்பிப் பார்த்தது. ஆபீஸ் வேலி இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது.

“இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் கண்ணு,” என்றது.

நீதி: பிள்ளை பெறுவதாக இருந்தால் அடுத்தவர் பிள்ளையாகப் பார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பெற்றால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.